துடக்குக் கழித்த பற்றரி

ஐசாக் அந்தப் பற்றரியைக் கொண்டுவந்து இறக்கியபோது நாகேஸ்வரி முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். தன்னுடைய பழைய ஒஸ்ரின் காரின் பின்சீற்றிலிருந்து அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார் மனிசன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே வீட்டுக்குள் போய், ஒரு கிழமைப் பேத்தி படுத்திருந்த அறையின் வாசலில் வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

நாகேஸ்வரியின் கையிலிருந்த கருவாடு பாயில் விழுந்தது.

"ஐயோ அண்ணை! உதை ஏன் உள்ளுக்குக் கொண்டு போனனீங்கள்?"

"வெய்யிலிலை வைக்கக்கூடாது தங்கச்சி. பற்றரிக்குச் சூடு ஆகாது."

"பற்றரிக்குச் சூடு ஆகாது. வள்ளத்துக்குத் துடக்கு ஆகாது. அது தெரியாதோ உங்களுக்கு?"

ஐசாக்குக்குத் தெரியாதுதான். தெல்லிப்பழையில் மூன்று தலைமுறையாக வேதக்கார வீடு. பிள்ளை பிறந்தால் போதகர் வந்து ஜெபம் பண்ணுவார், தேத்தண்ணியும் கேக்கும் கொடுப்பார்கள், அத்தோடு சரி. பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொன்றாம் நாள் கழியும் வரைக்கும் துடக்கு என்கிற தீட்டு, அந்த வீட்டுச் சாமான் எதுவும் வள்ளத்தில் ஏறக்கூடாது, வீட்டு ஆம்பிளை வலையைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர் காதில் எப்போதாவது விழுந்திருக்கும். மண்டைக்குள் போயிருக்காது.

"அப்பா, இனி அதுவும் என்னோடை கிடந்து துடக்குக் காக்க வேண்டியதுதான்" என்று அறைக்குள் இருந்து தர்ஷிகா சிரித்தாள்.

தர்ஷிகா ஐசாக்கின் ஒரே மகள். நாகேஸ்வரியின் மகன் கிருஷாந்தைக் கட்டியிருந்தாள். ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்த பெட்டை, வல்வெட்டித்துறையில் மீன் விற்கிறவளின் மகனைப் பதிவுக் கந்தோரில் வைத்து முடித்தால் எந்தத் தகப்பனுக்கும் தொண்டைக்குள் முள் நிற்கத்தான் செய்யும். சமயமும் இருந்தது, சாதியும் இருந்தது. ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஐசாக் இந்த வளவுக்குள் கால் வைக்கவுமில்லை. ஆனால் தர்ஷிகாவுக்குத் தாய் இல்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகிற வழக்கம் அவளுக்கு வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்ததும், இலை அவித்த வேதுத் தண்ணீர் வார்த்ததும், பிள்ளை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தியதும் நாகேஸ்வரி. வந்த முதல்நாள் ஐசாக் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். அதற்குப் பிறகு கார் அடிக்கடி வந்தது.

நாகேஸ்வரி பற்றரியைப் பார்த்தாள். ஒரு கறுத்தப் பெட்டி. மேலே வரிசையாக ஆறு மூடி. இதை நம்பித்தான் தன்னுடைய மகன் திரும்பக் கடலுக்குப் போகப்போகிறான்.

எல்லாம் அவனுடைய வலது தோளால் வந்த வினை. முந்தின வாடைக்காற்றுக் காலத்தில், வானுக்குள்ளால் வரும்போது, அதுதான் பாறைகளுக்கு நடுவே வள்ளம் வந்து போகிற ஒடுக்கமான வழி, பின்னால் வந்த அலை ஒன்று வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. தோள்மூட்டுக் கழன்றது. ஆஸ்பத்திரியில் திருப்பிப் போட்டுக் கட்டினார்கள். கை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உடம்பைச் சாய்த்து வலை இழுக்கலாம். எஞ்சினை ஸ்ராட் பண்ணுகிற கயிற்றை இழுக்க முடியாது. அது வெட்டி இழுக்கிற இழுப்பு, அரைத் தோளோடு செய்கிற வேலை இல்லை.

ஒருநாள் வீம்புக்குப் போனான். கரையில் ஒருவன் கயிறு இழுத்துக் கொடுத்தான். வெளியே போய் வலை போடுவதற்காக எஞ்சினை நிப்பாட்டிவிட்டு, திரும்ப எடுக்கக் கயிற்றை இழுத்தானாம். மூட்டு மறுபடி கழன்றது. நோவில் மயங்கி வள்ளத்துக்குள் கிடந்தான். வள்ளம் நீரோட்டத்தோடு தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பொலிகண்டிக்காரர் கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு நாகேஸ்வரி அவனுடைய கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். பொத்தானை அமத்தினால் ஸ்ராட் வருகிற எஞ்சின் கிடைத்தால் கடல். இல்லாவிட்டால் கரை.

அதற்குப் பிறகு அவன் கரையில்தான் இருந்தான். கூடத் தொழிலுக்குப் போனவன் வேறு வள்ளம் பார்த்துக்கொண்டான். வாய் ஓயாமல் கதைக்கிற பொடியன், கூப்பிட்டால் "ம்" என்றான். சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். கடற்கரையில் மற்றவர்களின் மீனை வாங்கி விற்றுவிட்டு நாகேஸ்வரி வீட்டுக்கு வந்தால், முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு இருப்பான். அவன் போகக்கூடாது என்று நேர்ந்ததும் அவள்தான். அவன் இப்படி இருக்கிறதைப் பார்த்து, போய்த் தொலைக்கட்டும் என்று நினைத்ததும் அவள்தான். கடைசியில் நீர்கொழும்புப் பக்கமிருந்து பொத்தான் வைத்த சின்ன எஞ்சின் ஒன்று வந்தது. பற்றரி ஒன்றுதான் மிச்சம் என்றிருந்தபோது, அதை மட்டும் தான் பார்ப்பதாக ஐசாக் சொன்னார். தெல்லிப்பழைச் சந்தியில் பஸ்ஸுக்கும் ட்ரக்டருக்கும் பற்றரி பார்க்கிற கடைதானே அவருடையது.

அன்றைக்குப் பின்னேரம் கிருஷாந்த் வந்து பற்றரியைக் குனிந்து பார்த்தான். தொடவில்லை.

"மாமா, மூடி இல்லாததாப் பாத்து எடுத்திருக்கலாம். சீல் பண்ணினது. வள்ளம் எழும்பி விழேக்கை அசிட் சிந்தாது."

"உதுகளை நம்பாதையும் தம்பி. உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? சாகிற அண்டைக்குத்தான் சொல்லும். மூடி இருந்தால் திறந்து பாக்கலாம், தண்ணி குறைஞ்சால் விடலாம்."

"நடுக்கடலிலை நிண்டு திறந்து பாக்கிறதோ?"

"கரையிலை பாக்கிறது. அதுக்குத்தானே நான் இருக்கிறன்."

"சரி. லைற்றையும் இதிலையே கொழுவுறன்."

"கொழுவினீர் எண்டால் நான் இதைத் திரும்பக் கொண்டு போடுவன்." ஐசாக் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "லைற்றுக்கு வேறை சின்னன் ஒண்டு தாறன். இது எஞ்சினுக்கு மட்டும். நீர் வலையோடை மினக்கெட, லைற் இருந்து இதைக் குடிச்சு முடிச்சிடும். பிறகு பொத்தானை அமத்தினால் க்ளிக் எண்டு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு உம்மடை தோள்தான்."

"வள்ளத்துக்கை பற்றரிக் கடையே வைக்கப் போறியள்."

"என்ரை பிள்ளையைக் கட்டினனீரெல்லோ. கடையும் சேத்துத்தான்."

கிருஷாந்த் சிரித்தான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு. நாகேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பும் கேட்டது, 'க்ளிக்' என்ற அந்தச் சொல்லும் கேட்டது. சிரிப்பு முற்றத்தோடு போய்விட்டது. க்ளிக் மட்டும் மண்டைக்குள் இருந்துகொண்டது.

துடக்கு முடியும் வரைக்கும் பற்றரி அறை வாசலில்தான் கிடந்தது. சாச் ஏற்றுகிற நாளில் மட்டும் குசினித் தாழ்வாரத்துக்குத் தூக்குவார்கள். சாச் ஏறும்போது வருகிற காஸ் பிள்ளை இருக்கிற இடத்தில் கூடாது என்றார் ஐசாக். வருவார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்துவார், ஒரு காசுக் குத்தியை வைத்து ஆறு மூடியையும் திருகித் திறப்பார். மிதவை வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றால் அசிட்டை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவார். காய்ந்த சீலைத்துண்டால் துடைப்பார். கம்பிக் கொழுக்கிக்கு வாசலின் களிம்பு பூசுவார். நாகேஸ்வரி அரிசி களைந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீங்களும் பழகுங்கோ தங்கச்சி. நான் எந்த நாளும் வரமாட்டன். தண்ணி குறைஞ்சால் இந்தப் போத்தில் தண்ணி மட்டும்தான் விடோணும். கிணத்துத் தண்ணி மட்டும் விட்டுடாதேங்கோ. எங்கடை கிணறெல்லாம் சுண்ணாம்புக் கல்லு. கேத்தில் அடியிலை வெள்ளையாப் பிடிக்குதெல்லோ, அதுதான் உள்ளுக்கும் பிடிக்கும்."

"கிணத்துத் தண்ணி ஆகாது" என்று நாகேஸ்வரி திருப்பிச் சொன்னாள்.

"ஆகவே ஆகாது."

"சரி அண்ணை. ஒரு சொட்டும் விடன்."

முப்பத்தொன்று வந்தது. ஐயர் வந்து கும்பம் வைத்து, மாவிலையால் வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். பிள்ளைக்கு மொட்டை அடித்து அரைஞாண் கட்டினார்கள். தர்ஷிகா தலைமுழுகிவிட்டு, இனி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கொண்டுபோய்ப் போதகரிடம் காட்டவேணும் என்றாள். காட்டு பிள்ளை, ஆரிட்டையும் காட்டு, அதுக்கு நல்லது நடந்தால் சரி என்றாள் நாகேஸ்வரி.

வீட்டுக்கு ஐயரின் தீர்த்தம் போதும். தொழில் சாமானுக்குப் போதாது. அது அவளுடைய ஆட்களின் வழக்கம். வெயில் ஏற முதல் செம்பில் கடல் தண்ணீர் மொண்டு, அதில் மஞ்சள் கரைத்து, வலைக்கும் மிதவைக்கும் துடுப்புக்கும் தெளிப்பார்கள். கடலில் போகிற சாமானின் துடக்கைக் கடல்தான் எடுக்கும். அவளுடைய தாய் செய்தாள், மாமி செய்தாள், இப்போது அவள். கொட்டிலில் கிடந்த நண்டு வலைகளுக்குத் தெளித்தாள். நங்கூரக் கயிற்றுக்குத் தெளித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து பற்றரிக்கு முன்னால் குந்தினாள்.

மேலே தெளித்த தண்ணீர் ஒட்டவில்லை. கறுத்த பிளாஸ்ரிக்கில் முத்து முத்தாக உருண்டு ஓடி நிலத்தில் விழுந்தது. அவளுக்கு மனம் ஆறவில்லை. மற்றச் சாமான் எல்லாம் கொட்டிலில் கிடந்தவை. இது பிள்ளை பிறந்த அறையின் வாசலிலேயே துடக்கு முழுக்கக் குடியிருந்த சாமான். இதில் வெளியே என்ன இருக்கிறது, வெறும் பெட்டி. உயிர் உள்ளுக்குள்தானே. துடக்கு இருந்தாலும் அங்கேதான் இருக்கும்.

மடியிலிருந்து குத்தியை எடுத்து ஆறு மூடியையும் திறந்தாள். ஐசாக் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிறங்கை. "சந்நிதியானே, என்ரை பிள்ளை அமத்தேக்கை இது பிடிச்சுக்கொள்ளோணும்." மூடிகளைத் திருகிப் பூட்டி, காய்ந்த சீலைத்துண்டால் வடிவாகத் துடைத்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒளித்ததும் இல்லை. பிள்ளைக்குத் திருநீறு பூசினால் யாராவது போய்ச் சொல்லிக்கொண்டு திரிவார்களா?

கடலுக்குப் போகிற நாள் விடியவே கிருஷாந்த் எழும்பிவிட்டான். பின்னேரம் நண்டு வலை விடப் போவதாக ஏற்பாடு. கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான், தனியே. கடைசிச் சாச் ஏறட்டும் என்று பற்றரியைத் தாழ்வாரத்தில் கொழுவிவிட்டு, பாட்டுக்கூட முணுமுணுத்தான். நாகேஸ்வரி அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்றாள்.

ஐசாக்கின் கார் வந்து நின்றபோது தர்ஷிகா பிள்ளையோடு வெளியே வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"மாமி, கிணத்துக்குக் குளோரின் போட்டவங்களோ?"

"ஒருத்தரும் வரேல்லையே பிள்ளை."

ஐசாக் ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்று காற்றை மணந்து பார்த்தார். அடுத்த கணம் மனிசன் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

"பிள்ளையைத் தூரக் கொண்டு போ! மரத்தடிக்குப் போ! ஒருத்தரும் கிட்ட நிக்காதேங்கோ!"

மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு, காற்றுப் பக்கமாக நின்று மூடிகளைத் திறந்தார். தண்ணீர் விளிம்பு முட்ட நின்றது. மூடிகளின் திருகுப் புரியில் மஞ்சள் பிடித்திருந்தது. அவர் ஒரு மூடியை விரலுக்குள் உருட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, குசினி வாசலில் நின்ற நாகேஸ்வரியைப் பார்த்தார். அவளுடைய உள்ளங்கையில் முந்தின நாள் மஞ்சள் இன்னும் போகவில்லை.

நாகேஸ்வரி கையைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டாள். ஏன் இழுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஏதோ நடந்துவிட்டது, அது தன்னால்தான் நடந்தது என்பது மட்டும் அந்த மனிசனின் முகத்தில் தெரிந்தது.

"என்ன மாமா?" கிருஷாந்த் வந்து நின்றான்.

ஐசாக் மூடிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். அவசரப்படவில்லை.

"இது சரிவராது தம்பி. பற்றரி பழுது."

"பழுதோ? போன கிழமை திறமெண்டு சொன்னனீங்களே?"

"சொன்னனான். எனக்குத் தந்தவன் பழசு ஒண்டைத் தலையிலை கட்டிப்போட்டான் போலை. நான்தான் வடிவாப் பாக்கேல்லை. என்ரை பிழை."

கிருஷாந்தின் முகம் கறுத்துப்போனது. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான். கோபம் வந்தால் அங்கேதான் கை போகும்.

"உங்கடை பிழை. ஒரு மாசமா வந்து குந்தியிருந்து பாத்தியளே, என்னத்தைப் பாத்தனீங்கள்? சீல் பண்ணினது எடுங்கோ எண்டு அண்டைக்கே சொன்னன். கேட்டியளே? மீன்காரனுக்கு என்ன தெரியுமெண்டுதானே இருந்தனீங்கள்?"

"தம்பி..."

"இல்லை, கேக்கிறன். நான் கரையிலை கிடக்கிறது உங்களுக்குச் சந்தோசம். மகளின்ரை புருசன் கடலுக்குப் போறவன் எண்டு சொல்லத் தேவையில்லை. சந்தியிலை உங்கடை கடையிலை ஒரு வாங்கைப் போட்டு இருத்திவிடுவியள் என்ன?"

மரத்தடியில் தர்ஷிகா, "இஞ்சேருங்கோ!" என்று அதட்டினாள். ஐசாக் சால்வையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். முகத்தில் அடி வாங்கிக்கொண்டு நிற்கிற மாடு மாதிரி நின்றார். நாகேஸ்வரி எத்தனையோ பேரோடு கடற்கரையில் வாய்ச்சண்டை பிடித்தவள். தான் செய்ததை இன்னொருவன் தலையில் போட்டுவிட்டு வந்தவள் இல்லை. தன்னுடைய பிழையை இன்னொருவன் தானாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதும் இதற்கு முதல் இல்லை.

"நிப்பாட்டடா" என்றாள்.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா."

"நிப்பாட்டு எண்டுறன்! அந்தாளிலை ஒரு பிழையுமில்லை. நான்தான் விட்டனான்."

"என்னத்தை விட்டனீங்கள்?"

"மஞ்சள் தண்ணி. மேலாலை தெளிச்சன், வழிஞ்சு போட்டுது. மூடியைத் திறந்து உள்ளுக்கு விட்டன்."

அவள் ஐசாக் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்தது.

"கிணத்துத் தண்ணி விடக்கூடாதெண்டு சொன்னனீங்கள். நான் ஒரு சொட்டு விடேல்லை அண்ணை. கடல் தண்ணிதான் விட்டனான்."

ஐசாக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரக் குந்தில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நாகேஸ்வரி பதறிப்போய்க் கிட்ட வந்தாள். மனிசன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெல்லிப்பழையிலை இருந்து வாறவன் கிணத்தைத்தானே நினைப்பான். கடலை நான் நினைக்கவே இல்லைத் தங்கச்சி. கடல் ஒண்டு கிடக்கெண்டதையே மறந்து போனன்."

தர்ஷிகாவும் சிரித்தாள். கிருஷாந்த் சிரிக்கவில்லை.

"ஏனம்மா?" என்றான். அதட்டிக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"ஏனெண்டோ? உந்தப் பெட்டி க்ளிக் எண்டால் நீ கயித்திலை கை வைப்பாய். கை வைச்சால் தோள் போகும். தோள் போனால் நீ போவாய். உன்னைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து மண்ணிலை கிடத்தினதை நான்தானேடா பாத்தது? அப்ப நீ தண்ணிகூடக் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு வருசமா வீட்டுக்கை ஒரு சவம் மாதிரி இருந்தனீ. ரண்டையும் பாத்திட்டன். ரண்டும் எனக்கு வேண்டாம். துடக்கிலை ஏதும் ஆச்செண்டால் நான் ஆரைப் போய்க் கேக்கிறது?"

ஐசாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, நானும் சும்மா கொண்டு வரேல்லை. கடையிலை வைச்சு, அதுக்கு மேலை கை வைச்சு ஜெபம் பண்ணித்தான் காரிலை ஏத்தினனான். இவ்வளவு காலத்திலை ஒரு பற்றரிக்கும் நான் ஜெபம் பண்ணினதில்லை. என்ன, நான் மூடியைத் திறக்கேல்லை. அதொண்டுதான் வித்தியாசம்."

"மாமா" என்றான் கிருஷாந்த். "நான் கதைச்சது..."

"கதைச்சதிலை பாதி உண்மைதான். முந்தி அப்பிடித்தான் நினைச்சனான். வாங்கு போடுற இடம்கூடப் பாத்து வைச்சனான்." அவர் எழும்பினார். "இப்ப அதுக்கு நேரமில்லை. இதுக்குள்ளை உப்புப் போயிட்டுது, சாச் ஏறேக்கை அதுதான் குளோரின் காஸாக் கிளம்பினது. இனி ஈயத்துக்குத்தான் ஆகும். கார் பொனற்றைத் திறவும்."

"ஏன்?"

"உம்மடை எஞ்சின் சின்னன். என்ரை கார்ப் பற்றரி அதுக்குப் போதும்."

"அப்ப உங்கடை கார்?"

"கார் உதிலை நிக்கும். அது கடலுக்குப் போகோணுமெண்டு கேக்கேல்லை."

பொனற்றைத் தூக்கியதும் கிருஷாந்த் எட்டிப் பார்த்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான்.

"மாமா, இதிலை மூடியைக் காணேல்லையே? சீல் பண்ணினதெல்லோ?"

ஐசாக்கின் காது சிவந்தது. "அது... காரிலை நெடுகத் திறந்து பாத்துக்கொண்டிருக்க எனக்கெங்கை நேரம்?"

"அப்பா!" என்றாள் தர்ஷிகா.

"நல்லதுதானே. இதுக்கை ஒருத்தரும் ஒண்டும் விடேலாது. தங்கச்சி, தெளிக்கிறதெண்டால் தெளியுங்கோ. மேலாலை மட்டும். நான் துடைச்சு விடுறன்."

நாகேஸ்வரி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தேவையில்லை அண்ணை. இது துடக்கு வீட்டுக்கை வரேல்லை. படலையோடை தானே நிண்டது."

பின்னேரம் நாலுபேருமாகக் கரைக்குப் போனார்கள். பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து. ஐசாக் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, ஆடிக்கொண்டிருந்த வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறினார் என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு பேர் பின்பக்கம் பிடித்துத் தள்ளினார்கள்.

"என்ன கிருஷாந்த், மாமாவையும் வலையிலை இரையா வைக்கப் போறியோ?" என்று பக்கத்து வள்ளத்தில் இருந்து எமில்ராஜ் கத்தினான்.

"நண்டு கிட்ட வராது அண்ணை. ரண்டு காலும் வெள்ளை, கண்டு பயந்து ஓடும்" என்றான் கிருஷாந்த்.

ஐசாக் எதையும் காதில் வாங்கவில்லை. பின்பக்கம் இருக்கைக்குக் கீழே, பழைய ரயர் ரப்பரை விரித்து, பற்றரியைப் பெட்டிக்குள் வைத்து, அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். கயிற்றைக் கிருஷாந்த் ஒரு கையாலும் பல்லாலும் இறுக்கினான். கொழுக்கிகளைப் பூட்டி வாசலின் பூசி, மேலே ஒரு பொலித்தீன் போட்டார்கள். லைற்றுக்கான சின்னப் பற்றரி முன்பக்கம் தனியே இருந்தது.

பொத்தானை அமத்தியதும் எஞ்சின் பிடித்தது. ஒரு இருமல், பிறகு சீராக. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஐசாக்கைத் தூக்கி இறக்கிவிட்டு வள்ளம் வானுக்குள்ளால் வெளியே போனது.

நாகேஸ்வரி கைதட்டவில்லை. கரையில் பிடிக்கிறது ஒரு பெரிய காரியமா? இங்கே பிடிக்காவிட்டால் இழுத்துக் கொடுக்கப் பத்துக் கை இருக்கிறது. அன்றைக்கும் கரையில் பிடித்துத்தானே போனது. அங்கே போய் வலை விட நிப்பாட்டுவான். நிப்பாட்டின எஞ்சின் திரும்பப் பிடிக்கவேணும். அதுதான் கணக்கு.

அவள் மணலில் குந்தினாள். கொஞ்சம் தள்ளி ஐசாக் நனைந்த காற்சட்டையோடு குந்தினார். தர்ஷிகா பிள்ளைக்கு வெயில் படாமல் வள்ளம் ஒன்றின் நிழலில் இருந்தாள். கடல் அன்றைக்கு மினுமினுவென்று கிடந்தது. வள்ளம் சின்னதாகி ஒரு புள்ளியில் நின்றது. எஞ்சின் சத்தம் அறுந்தது.

கிருஷாந்த் வலை விடுகிறது தெரிந்தது. உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, மெதுவாக. முன்னே எவ்வளவு கெதியாக விடுவான் என்று நாகேஸ்வரிக்குத் தெரியும். கடைசி மிதவை விழுந்தது. அவன் பின்பக்கம் போனான். குனிந்தான்.

அவள் ஐசாக்கின் சேட்டுக் கையைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, ஆனால் அவர் அசையவில்லை.

சத்தம் வந்தது. தூரத்தில், மெல்லிதாக, தண்ணீருக்கு மேலாக வந்தது.

"பிடிச்சிட்டுது" என்றார் ஐசாக். அவருக்கும் மூச்சு அப்போதுதான் வந்தது.

"ஓம்."

உடனே சத்தம் நின்றது. நாகேஸ்வரி துள்ளி எழும்பினாள். "ஐயோ, நிண்டிட்டுது!"

திரும்பப் பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடியது. நின்றது. பிடித்தது.

"என்ன அண்ணை அது? கோளாறோ?"

ஐசாக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வள்ளத்தில் கிருஷாந்த் நிமிர்ந்து நின்றான். கரையைப் பார்த்து இடது கையை உயர்த்தினான். குனிந்தான். எஞ்சின் நின்றது. எஞ்சின் பிடித்தது.

"கோளாறில்லை. விளையாடுறான்" என்றார்.

"விளையாடுறானோ? பிள்ளைக்குத் தகப்பனாகிட்டான், விசரன்! பற்றரி இறங்கப் போகுது!"

"ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கும்தான்." ஐசாக்கின் முகம் ஒவ்வொரு தடவையும் சுளித்தது. அவருடைய தொழில் அது, சுளிக்காமல் இருக்க முடியாது. "ஓட ஓட எஞ்சினே திரும்ப ஏத்தும். அது போதும்."

"கத்துங்கோ அண்ணை, உங்கடை சொல்லைத்தான் கேப்பான்."

ஐசாக் எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்தார். மூச்சை இழுத்தார். வெளியே எஞ்சின் நின்றது, பிடித்தது. அவர் கையை இறக்கினார்.

"இன்னும் ஒருக்கா அமத்தட்டும்" என்றார். "பிறகு கத்துறன்."